பழைய காருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுறது எப்படி: ஆதியோட அந்தமா ஒரு வழிகாட்டி

ப்ளக்குல பொறி அடிக்க கரண்ட்டை கட் பண்ற பாயின்ட்ஸ்ங்குற பழைய ஸ்விட்சை கழட்டி வீசிட்டு ஒரு எலக்ட்ரானிக் கிட் மாட்டினா போதும், பழைய வண்டி சிட்டா பறக்கும்னு ஆளாளுக்கு சொல்றாங்க. பறக்காதுங்க. கிட் மாட்டுறதால பவர் ஒண்ணும் பெருசா ஏறிடாது. ஆனா ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங் நடுங்காது, பாயின்ட்ஸ் நடுவுல இருக்குற கேப்பை, அதாவது இடைவெளியை, அடிக்கடி திறந்து பார்த்துட்டு இருக்க வேணாம், வண்டியை விரட்டும்போது மிஸ்ஸிங் அடிக்காது. இதெல்லாம் கிடைக்கணும்னா ஒரே ஒரு கண்டிஷன், பொறியை ஒவ்வொரு ப்ளக்குக்கும் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர் நல்லா இருக்கணும். ஷாஃப்ட் ஆடுற டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள எவ்ளோ காஸ்ட்லியான மாட்யூலை வச்சாலும் விழலுக்கு இறைச்ச நீர் தான். அதனால இங்க பாதி இடம் கிட் மாட்டுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலைக்கே போகும், பொறுமையா படிங்க.

பழைய சிஸ்டம் என்ன பண்ணுது

1910ஐ ஒட்டி அமெரிக்க இஞ்சினியர் சார்லஸ் கெட்டரிங் காடிலாக் காருக்காக பண்ணின அமைப்பு தான் அடுத்த அறுபது வருஷத்துக்கும் மேல உலகம் பூரா ஓடுச்சு. பேட்டரில இருந்து கரண்ட் காயிலோட ப்ரைமரி சுத்துக்குள்ள போகும், அங்க இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்குற பாயின்ட்ஸ் வழியா எர்த் ஆகும். பாயின்ட்ஸ் மூடி இருக்கும்போது காயில் சார்ஜ் ஆகுது, டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்ல சுத்துற கேம் வந்து பாயின்ட்ஸை திறக்குற அந்த நொடியில கரண்ட் கட் ஆகி, செகண்டரி சுத்துல ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பி சுத்துற கை மாதிரி இருக்குற ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஒயர் வழியா ப்ளக்குல போய் பொறி அடிக்குது. பாயின்ட்ஸ் பக்கத்துல இருக்குற கண்டென்சர், அது சுமாரா 0.2 மைக்ரோஃபாரட் இருக்கும், கரண்ட் டக்குனு கட் ஆகவும் பாயின்ட்ஸ் முனை கருகாம இருக்கவும் உதவுது.

இதுல பிரச்சனை எங்கன்னா பாயின்ட்ஸோட ஹீல், அதாவது கேம்ல உரசுற அந்த சின்ன ஃபைபர் துண்டு, ஓட ஓட தேயும். தேஞ்சா கேப் குறையும், கேப் குறைஞ்சா பாயின்ட்ஸ் லேட்டா திறக்கும், லேட்டா திறந்தா டைமிங் ரிடார்ட் ஆகும், அதாவது பொறி தாமதமா அடிக்கும். ட்வெல், அதாவது பாயின்ட்ஸ் மூடி இருக்குற கோணம், ஒரு டிகிரி மாறினா கிராங்க்ல டைமிங்கும் சுமாரா ஒரு டிகிரி மாறும். வண்டி கொஞ்சம் கொஞ்சமா மந்தமாகும், ஓட்டுறவருக்கு அது தெரியவே தெரியாது, திடீர்னு ஒரு நாள் பாயின்ட்ஸ் மாத்தினா ஆஹா என்னா பிக்கப்னு தோணும். எலக்ட்ரானிக்கோட உண்மையான லாபம் இங்க தான் இருக்கு, செட் பண்ணின டைமிங் நகராது.

இன்னொரு கணக்கு. நாலு சிலிண்டர் இஞ்சின் 6000 ஆர்பிஎம்ல ஓடும்போது நிமிஷத்துக்கு 12,000 பொறி, செகண்டுக்கு 200, ஒரு பொறிக்கு 5 மில்லி செகண்ட் தான் டைம். அதுல பாயின்ட்ஸ் மூடி இருக்குறது மூணுல ரெண்டு பங்குன்னு வச்சுக்கிட்டா காயில் சார்ஜ் ஆக 3.3 மில்லி செகண்ட் தான் கிடைக்குது. இதே வேகத்துல பாயின்ட்ஸோட ஸ்ப்ரிங் வேற துள்ள ஆரம்பிக்கும். எட்டு சிலிண்டர்னா இன்னும் பாதி டைம். 3000 ஆர்பிஎம்மை தாண்டாம ஓட்டுற ஆளுக்கு இந்த கணக்கு தேவையே இல்ல, அவருக்கு நல்ல பாயின்ட்ஸே போதும், இதை நான் சும்மா சொல்லல.

எந்த வகை வாங்குறது

மார்க்கெட்ல இருக்குறதை நாலா பிரிக்கலாம். முதல் வகை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளயே பாயின்ட்ஸ் இருந்த இடத்துல உக்காருற சின்ன மாட்யூல். ரோட்டாருக்கு கீழ ஒரு காந்த வளையம் சுத்தும், ஹால் சென்சார் அதை உணர்ந்து காயிலை ஆன் ஆஃப் பண்ணும், பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர் இந்த ரகம். லூமெனிஷன் ஆப்ட்ரானிக் காந்தத்துக்கு பதிலா இன்ஃப்ராரெட் ஒளியை ஒரு சாப்பர் தட்டு வெட்டுற மாதிரி பண்ணுது, அதுக்கு வெளிய தனி பாக்ஸ் வரும். ரெண்டாவது வகை, பாயின்ட்ஸை வச்சுக்கிட்டே கரண்ட்டை மட்டும் ஒரு ட்ரான்சிஸ்டர் பாக்ஸ் சுமக்குறது. பாயின்ட்ஸ் கருகாது, ஆனா ஹீல் தேயுறது நிக்காது, பாதி கிணறு தாண்டுன கதை தான். மூணாவது, முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாத்துறது, 123இக்னிஷன் மாதிரி. வேகம் ஏற ஏற பொறியை முன்கூட்டியே அடிக்க வைக்குற வெயிட்டும் ஸ்ப்ரிங்கும் உள்ள இல்ல, அந்த அட்வான்ஸ் கர்வ் முழுக்க எலக்ட்ரானிக்ஸ்ல, சில மாடல்ல போன்ல இருந்தே கர்வை மாத்திக்கலாம். நாலாவது சிடிஐ (கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் இக்னிஷன்), எம்எஸ்டி 6ஏ மாதிரி பாக்ஸ், கெப்பாசிட்டர்ல பல நூறு வோல்ட் ஏத்தி காயிலுக்குள்ள விடும், 3000 ஆர்பிஎம்முக்கு கீழ ஒரு பொறிக்கு பதிலா பல பொறி அடிக்கும்.

என்னை கேட்டா, டிஸ்ட்ரிபியூட்டர் நல்ல நிலையில இருந்தா முதல் வகை போதும், அசல் தோற்றமும் கெடாது. டிஸ்ட்ரிபியூட்டர் தேஞ்சு போய் இருந்தா அதை ரிப்பேர் பண்ணி மேல ஒரு கிட்டும் வாங்குற செலவை கூட்டி பார்த்துட்டு மூணாவது வகைக்கே போயிடுங்க. சிடிஐ ரேஸ் இஞ்சினுக்கும் ஹை கம்ப்ரெஷன் இஞ்சினுக்கும் சரி, ஞாயித்துக்கிழமை மட்டும் வெளிய எடுக்குற வண்டிக்கு அது தேவை இல்லாத சுமை.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புல ஒரு நம்பர் அடிச்சிருப்பாங்க, லூகாஸ் கம்பெனின்னா 25டி, 45டி மாதிரி மாடலும் ஒரு சீரியலும் இருக்கும், பாஷ்ல நீளமான பார்ட் நம்பர் இருக்கும். வண்டி மாடலை வச்சு கிட் வாங்காதீங்க, இந்த நம்பரை வச்சு வாங்குங்க. ஐம்பது வருஷத்துல யாரோ எப்பவோ வேற டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டி இருக்க நிறைய சான்ஸ் இருக்கு.

அடுத்தது எர்த். 1960கள் நடு வரைக்கும் வந்த நிறைய பிரிட்டிஷ் வண்டி பாசிட்டிவ் எர்த், பேட்டரியோட ப்ளஸ் பாடியில போய் சேரும். நெகட்டிவ் எர்த்துக்கு பண்ணின மாட்யூலை இதுல மாட்டினா சாவியை திருப்பின உடனே ஆயுசு முடிஞ்சுது. பாசிட்டிவ் எர்த்துக்குன்னு தனி கிட் இருக்கு, இல்லன்னா வண்டியையே நெகட்டிவுக்கு மாத்திட்டு வாங்கணும். பேட்டரி கேபிள் எது பாடிக்கு போகுதுன்னு கண்ணால பாருங்க, மேனுவலை நம்பாதீங்க, நடுவுல யாராவது மாத்தி இருக்கலாம். 6 வோல்ட் வண்டின்னா அதுக்குன்னே சொல்லி விக்கிற கிட் தான் வேணும்.

மூணாவது, பேலஸ்ட் ரெசிஸ்டர், அதாவது காயிலுக்கு போற கரண்ட்டை குறைக்குற ரெசிஸ்டர். இதுல தான் பாதி பேர் கோட்டை விடுறாங்க. சில வண்டில காயிலுக்கு 12 வோல்ட் நேரா வரும், அந்த காயிலோட ப்ரைமரி சுமார் 3 ஓம். சில வண்டில சுமார் 1.5 ஓம் காயில் இருக்கும், அதுக்கு முன்னாடி இன்னொரு 1.5 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், செல்ஃப் அடிக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டர் சோலனாய்டு அந்த ரெசிஸ்டரை தாண்டி முழு வோல்ட்டேஜ் கொடுக்கும். ரெசிஸ்டர் வெள்ளை பீங்கான் கட்டியா கண்ணுக்கு தெரிஞ்சா அதிர்ஷ்டம், நிறைய வண்டில அது வயரிங்குக்குள்ளயே ரெசிஸ்டன்ஸ் ஒயரா ஒளிஞ்சிருக்கும். கண்டுபிடிக்க சாவியை ஆன் பண்ணுங்க, இஞ்சின் ஓடக்கூடாது, பாயின்ட்ஸ் மூடி இருக்கணும், மல்டிமீட்டரை காயில் ப்ளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் வைங்க. பேட்டரி வோல்ட்டேஜுக்கு பக்கத்துல காட்டினா பேலஸ்ட் இல்ல, 6ல இருந்து 9 வோல்ட்டுக்குள்ள காட்டினா பேலஸ்ட் இருக்கு. பாயின்ட்ஸ் திறந்திருந்தா ரெண்டு வண்டிலயும் 12 தான் காட்டும், அதனால மூடி இருக்கான்னு பார்த்துட்டு அளங்க.

பேட்டரியை கழட்டிட்டு காயிலோட ரெண்டு ஒயரையும் எடுத்துட்டு ப்ளஸ் மைனஸ் நடுவுல எத்தனை ஓம்னும் அளந்து எழுதி வச்சுக்கங்க. ஏன்னா சாதாரண மாட்யூலுக்கு ஒரு குறைந்தபட்ச ஓம் இருக்கு. உதாரணத்துக்கு பெர்ட்ரானிக்ஸ் முதல் தலைமுறை இக்னைட்டருக்கு நாலு, ஆறு சிலிண்டர்ல 3 ஓம், எட்டு சிலிண்டர்ல 1.5 ஓம். அதுக்கு கீழ போனா கரண்ட் எகிறும், மாட்யூல் சூடேறி போயிடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு ஹெல்த் செக்கப்

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை கழட்டுங்க, ரோட்டாரை எடுத்துட்டு ஷாஃப்ட் தலையை ரெண்டு விரலால பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டி பாருங்க. கைக்கு டொக்கு டொக்குன்னு ஆட்டம் தெரிஞ்சா ஷாஃப்ட்டை தாங்குற புஷ் தேஞ்சு போச்சு. பாயின்ட்ஸ் கேப்பே மொத்தம் 0.35ல இருந்து 0.40 மி.மீ. தான், அதுல ஷாஃப்ட் 0.1 மி.மீ. ஆடினா கால் பங்கு போச்சே, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு டைமிங் கிடைக்கும். ட்வெல் மீட்டர் இருந்தா இன்னும் தெளிவா தெரியும், ஐடிலிங்ல இருந்து ரெய்ஸ் பண்ணும்போது ட்வெல் ரெண்டு மூணு டிகிரிக்கு மேல அலைபாஞ்சா புஷ்ஷோ பாயின்ட்ஸ் உக்காந்திருக்குற பேஸ் ப்ளேட்டோ தேஞ்சிருக்குன்னு அர்த்தம். மாட்யூல் மாட்டினா இந்த ஆட்டம் கொஞ்சம் மறையும், ஆனா போயிடாது.

அடுத்து ரோட்டாரை திரும்ப மாட்டி, அது ஓடுற திசையிலயே கையால திருக்கி விடுங்க. கொஞ்சம் திரும்பி, விட்ட உடனே ஸ்ப்ரிங் இழுத்து டப்புனு பழைய இடத்துக்கு வரணும். மெதுவா சோம்பலா வந்தாலோ திரும்பின இடத்துலயே நின்னாலோ உள்ள அட்வான்ஸ் வெயிட் துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. இது தான் ரொம்ப பழைய வண்டில நான் அதிகமா பார்க்குற கோளாறு, இதை விட்டுட்டு கிட் மாட்டிட்டு ஏன் பிக்கப் இல்லன்னு கேட்டா யாரு என்ன சொல்ல முடியும். ஷாஃப்ட் தலையில ரோட்டாருக்கு கீழ ஒரு ஃபெல்ட் துண்டோ ஸ்க்ரூவோ இருக்கும், அங்க ரெண்டு மூணு சொட்டு இஞ்சின் ஆயில் விட்டு திருக்கி திருக்கி பாருங்க, பேஸ் ப்ளேட் ஓட்டை வழியா வெயிட் பிவட்லயும் ஒவ்வொரு சொட்டு. அப்பவும் இளகலன்னா டிஸ்ட்ரிபியூட்டரை வெளிய எடுத்து பிரிச்சு தான் ஆகணும். ரெண்டு ஸ்ப்ரிங்கும் ஒரே மாதிரி இல்லன்னு பயந்துடாதீங்க, நிறைய டிஸ்ட்ரிபியூட்டர்ல ஒண்ணு மெல்லிசாவும் ஒண்ணு தடிமனா தொளதொளன்னும் தான் இருக்கும், கர்வ் அப்படி தான் வருது.

வேக்கம் யூனிட்டை டெஸ்ட் பண்ண பம்ப் எல்லாம் வேணாம். கார்புரேட்டர் பக்கம் இருந்து ஹோஸை கழட்டி துடைச்சுட்டு வாயால உறிஞ்சுங்க, பேஸ் ப்ளேட் நகரும், நாக்கால ஓட்டையை அடைச்சு பிடிச்சா நகர்ந்த இடத்துலயே நிக்கணும். கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தா டயாஃப்ரம் ஓட்டை. சிலர் வேக்கம் அட்வான்ஸ் தேவை இல்லன்னு மூடி வச்சிடுவாங்க, ரோட்ல ஓட்டுற வண்டிக்கு அப்படி பண்ணாதீங்க. சீரா ஒரே ஸ்பீடுல போகும்போது பெட்ரோல் காத்து கலவையில பெட்ரோல் கம்மியா இருக்கும், மெதுவா எரியும், அதுக்கு கூடுதலா பத்து பதினஞ்சு டிகிரி அட்வான்ஸ் கொடுக்குறது இது தான். மைலேஜும் இஞ்சின் சூடும் இதுல அடங்கி இருக்கு.

பேஸ் ப்ளேட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பாடிக்கும் நடுவுல ஒரு சின்ன துணி சுத்தின எர்த் ஒயர் இருக்கும், அது இத்துப்போய் இருந்தா மாத்திடுங்க. மாட்யூலுக்கு எர்த் கிடைக்கிறதே அந்த வழியா தான்.

மாட்டுற வேலை

முதல்ல போட்டோ எடுங்க, எல்லா ஒயரும் தெரியுற மாதிரி. ப்ளக் ஒயர் ஒவ்வொண்ணுலயும் டேப் ஒட்டி நம்பர் போடுங்க. கியரை நியூட்ரல்ல வச்சு, ப்ளக் எல்லாம் கழட்டிட்டு கிராங்க் புல்லியை ஸ்பானரால சுத்தி ஒண்ணாம் சிலிண்டரை கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்ல டிடிசிக்கு, அதாவது பிஸ்டன் உச்சிக்கு, கொண்டு வாங்க, ப்ளக் ஓட்டையில விரலை வச்சா காத்து தள்ளுறது தெரியும், அது தான் கம்ப்ரெஷன். ரோட்டார் இப்ப ஒண்ணாம் ஒயர் பக்கம் பார்த்துட்டு இருக்கணும், எதை பார்க்குதுன்னு டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்புல மார்க் போடுங்க. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் இஞ்சின் ப்ளாக்குக்கும் நடுவுல இன்னொரு கோடு. இந்த ரெண்டு கோடு இருந்தா என்ன குழப்பம் வந்தாலும் திரும்பி வந்துடலாம். பேட்டரி எர்த்தை கழட்டிட்டு தான் மேல வேலை.

பாயின்ட்ஸும் கண்டென்சரும் வெளிய வரட்டும், கீழ போடாதீங்க, பத்திரமா வைங்க, கடைசியில அதுக்கு வேலை இருக்கு. ஸ்க்ரூ கழட்டும்போது காந்த ஸ்க்ரூட்ரைவர் வச்சுக்கங்க, அந்த குட்டி ஸ்க்ரூ பேஸ் ப்ளேட் ஓட்டை வழியா உள்ள விழுந்தா டிஸ்ட்ரிபியூட்டரையே கழட்ட வேண்டி வரும். பேஸ் ப்ளேட்டை பெட்ரோல் தொட்ட துணியால துடைச்சு காய விடுங்க, அழுக்கு மேல மாட்யூல் உக்காந்தா சரியா எர்த் ஆகாது.

மாட்யூலை பாயின்ட்ஸ் இருந்த ஓட்டையிலயே வச்சு ஸ்க்ரூ போடுங்க. கிட்டோட ஹீட் பேஸ்ட் கொடுத்திருந்தா அடியில மெல்லிசா தடவுங்க. காந்த வளையத்தை கேம் மேல இறக்கி அழுத்துங்க, கேமோட முகத்துல சரியா உக்காந்தா கையில ஒரு க்ளிக் தெரியும், அரைகுறையா உக்காந்தா ரோட்டார் ஒரு மி.மீ. மேல தூக்கிட்டு நிக்கும், மூடியை போட்ட உடனே அதுக்குள்ள இருக்குற கார்பன் பிரஷ் நசுங்கும். வளையம் இல்லாம கேமையே நேரா உணர்ற கிட்ல சென்சாருக்கும் கேமுக்கும் நடுவுல கேப் செட் பண்ணணும், கிட் பேப்பர்ல சொன்ன அளவை ஃபீலர் கேஜ் வச்சு பண்ணுங்க, இரும்பு கேஜ் காந்தத்துல ஒட்டிக்கும், அதனால ப்ளாஸ்டிக் கேஜ் தான் நல்லது.

ஒயர் வெளிய வர்ற ரப்பர் க்ரோமெட்டை சரியா அமுக்குங்க, உள்ள கொஞ்சம் தொய்வு விடுங்க, ஏன்னா வேக்கம் இழுக்கும்போது பேஸ் ப்ளேட் நகரும், ஒயர் இழுத்து கட்டின மாதிரி இருந்தா கொஞ்ச நாள்ல உள்ளுக்குள்ளயே அறுந்து போகும், வெளிய இன்சுலேஷன் நல்லா இருக்குற மாதிரியே தெரியும், கண்டுபிடிக்கிறதுக்குள்ள பைத்தியம் பிடிச்சிடும். தொய்வு அதிகமாகி ரோட்டார்ல உரசவும் கூடாது. வாயால உறிஞ்சி ப்ளேட்டை நகர்த்தி, ரோட்டாரை சுத்தி, எதுவும் எங்கயும் தொடலன்னு பார்த்துட்டு மூடியை போடுங்க.

நெகட்டிவ் எர்த் வண்டில பொதுவா மாட்யூலோட கருப்பு ஒயர் காயில் மைனஸ்ஸுக்கு, சிவப்பு ஒயர் சாவி போட்டா 12 வோல்ட் வர்ற இடத்துக்கு. பேலஸ்ட் இல்லாத வண்டின்னா அந்த இடம் காயில் ப்ளஸ்ஸே தான். பேலஸ்ட் இருந்தா சிவப்பை ரெசிஸ்டருக்கு முன்னாடி, அதாவது சாவி பக்கம் சேர்க்கணும், காயில் ப்ளஸ்ல சேர்த்தா மாட்யூலுக்கு 7, 8 வோல்ட் தான் கிடைக்கும், ஐடிலிங்ல ஓடும், சூடான அப்புறம் சொல்லாம கொள்ளாம நிக்கும். சிவப்பையும் கருப்பையும் மாத்தி கொடுத்தா மாட்யூல் அங்கயே அவுட், அதுக்கு வாரன்டியும் கிடையாது. கிட் பேப்பர்ல வேற கலர் சொல்லி இருந்தா பேப்பர் சொல்றது தான் கணக்கு.

ஐம்பது வருஷ இக்னிஷன் ஸ்விட்ச்லயும் பழைய புல்லட் கனெக்டர்லயும் வோல்ட்டேஜ் வழியிலயே கரைஞ்சு போகும். இஞ்சின் ஓடும்போது பேட்டரில 13.8 இருந்து மாட்யூல் சிவப்பு ஒயர்ல 12க்கு கீழ காட்டினா ஒரு ரிலே, அதாவது சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன் பண்ற ஸ்விட்ச், போடுங்க. ரிலேயோட 86ம் நம்பர் முனையில இக்னிஷன் ஸ்விட்ச் ஒயர், 85 எர்த், 30ல பேட்டரில இருந்து ஃப்யூஸ் வழியா வர்ற ஒயர், 87ல இருந்து காயிலுக்கு. சின்ன வேலை தான், ஆனா சில வண்டில கிட்டை விட இது தான் பெரிய வித்தியாசத்தை காட்டும். சாவியை ஆஃப் பண்ணியும் இஞ்சின் நிக்காம ஓடுச்சுன்னா சார்ஜ் லைட் வழியா ஆல்டர்னேட்டர்ல இருந்து கரண்ட் திரும்பி வந்து ரிலேயை பிடிச்சு வச்சிருக்கு, அந்த லைட் ஒயர்ல ஒரு டயோடு போட்டா சரியாகும்.

காயிலை மாத்தணுமா

பழைய காயில் நல்லா இருந்து ஓம் சரியா இருந்தா மாத்த வேணாம். ஸ்போர்ட்ஸ் காயில், ஹை வோல்ட்டேஜ் காயில்னு விக்கிறதை பார்த்து மயங்காதீங்க, 40,000 வோல்ட்னு டப்பால போட்டிருந்தாலும் ப்ளக்கோட இடைவெளியை தாண்ட எவ்ளோ வேணுமோ அவ்ளோ வோல்ட் வந்த உடனே பொறி அடிச்சிடும், மீதி சும்மா ரிசர்வ். சாதாரண இஞ்சினுக்கு அந்த ரிசர்வ் பழைய காயில்லயே இருக்கு. மாத்துறதா இருந்தா மாட்யூல் சொல்ற ஓமுக்கு மாத்துங்க. 0.6 ஓம் மாதிரி லோ ரெசிஸ்டன்ஸ் காயில் எல்லாம் கரண்ட்டை தானே கட்டுப்படுத்துற மாட்யூலுக்கு மட்டும் தான், சாதாரண மாட்யூலோட சேர்த்தா கணக்கு பாருங்க, 13.8ஐ 0.6ஆல வகுத்தா 23 ஆம்பியர். ரெண்டுல எது முதல்ல புகையும்னு பந்தயம் கட்டலாம்.

காயிலோட போலாரிட்டியும் முக்கியம். ப்ளக்கோட நடு எலக்ட்ரோடு தான் அதிக சூடு, சூடான உலோகத்துல இருந்து எலக்ட்ரான் சுலபமா கிளம்பும், அதனால நடு எலக்ட்ரோடு நெகட்டிவா இருக்குற மாதிரி காயிலை கனெக்ட் பண்ணணும். நெகட்டிவ் எர்த் வண்டின்னா சாவில இருந்து வர்ற ஒயர் காயில் ப்ளஸ்ல, டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் மைனஸ்ல. மாத்தி கொடுத்தாலும் வண்டி ஓடும், அது தான் ஆபத்து, யாருக்கும் சந்தேகமே வராது, ஆனா பொறிக்கு தேவையான வோல்ட்டேஜ் கணிசமா ஏறிடும். நெகட்டிவ் எர்த்துக்கு மாத்தின பழைய பிரிட்டிஷ் வண்டில இந்த ஒயரை மாத்தாம விட்டிருப்பாங்க, ஒரு தடவை பார்த்துக்கங்க.

மூடி, ரோட்டார், ஒயர், ப்ளக்

ரோட்டார் வாங்கும்போது தரம் பாருங்க. மலிவு ரோட்டார் சிலதுல பித்தளையை பிடிக்கிற ரிவெட் ப்ளாஸ்டிக்குக்குள்ள ரொம்ப ஆழமா இறங்கி இருக்கும், அது வழியா பொறி ப்ளக்குக்கு போகாம ஷாஃப்ட்டுக்கு துளைச்சுட்டு போயிடும். வண்டி நல்லா ஓடிட்டே இருந்து திடீர்னு நிக்கும், எலக்ட்ரானிக் கிட் மேல பழி விழும். கிட் போயிடுச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ரோட்டாரை மாத்தி பாருங்க. ரிவெட் இல்லாம அச்சுல வார்த்த ரோட்டார் கிடைச்சா அதையே வாங்குங்க.

ப்ளக் ஒயர்ல உள்ள செம்பு கம்பி இருக்குற பழைய ரகம் எலக்ட்ரானிக்குக்கு ஆகாது, அது கிளப்புற ரேடியோ இரைச்சல் மாட்யூலை குழப்பி கண்ட நேரத்துல பொறி அடிக்க வைக்கும். கார்பன் கோர் இல்ல ஸ்பைரல் கோர் ஒயர் போடுங்க. ப்ளக்கோட இடைவெளி பழசுல 0.6 மி.மீ. இருந்திருக்கும், எலக்ட்ரானிக்ல 0.8 வரைக்கும் தாராளமா போகலாம், கிட் பேப்பர் அனுமதிச்சா 0.9. அதுக்கு மேல பேராசைப்படாதீங்க, இடைவெளி கூட கூட வோல்ட்டேஜ் ஏறும், ஏறின வோல்ட்டேஜ் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில மயிரிழை விரிசலை தேடிட்டு போகும். நல்ல இருட்டுல பானெட்டை திறந்து வச்சு இஞ்சினை ஓட விட்டு ஸ்ப்ரேயர்ல லேசா தண்ணி அடிச்சு தள்ளி நின்னு பாருங்க, எங்கெல்லாம் நீல பொறி ஓடுதோ அங்கெல்லாம் லீக். கை வைக்காதீங்க. சிடிஐ போட்டிருந்தா இன்னும் தள்ளியே நில்லுங்க, அதுல காயில் ப்ரைமரி ஒயர்லயே நானூறு ஐநூறு வோல்ட் இருக்கும். உடம்புல பேஸ்மேக்கர் இருக்குறவங்க ஓடுற இக்னிஷன் பக்கமே வர வேணாம்.

ஸ்டார்ட் பண்ணி டைமிங் வைக்கிறது

பேட்டரியை கனெக்ட் பண்ணிட்டு செல்ஃப் அடிங்க. பிடிச்சிடுச்சுன்னா சந்தோஷம், ஆனா டைமிங் கண்டிப்பா மாறி இருக்கும், மாட்யூல் ஆஃப் பண்ற புள்ளியும் பாயின்ட்ஸ் திறந்த புள்ளியும் ஒண்ணா இருக்காது. கார்புரேட்டர்ல பேக்ஃபயர் ஆகி பிடிக்கவே இல்லன்னா டிஸ்ட்ரிபியூட்டரை கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு பக்கமும் திருப்பி பாருங்க. ரோட்டார் சுத்துற திசைக்கு எதிரா உடம்பை திருப்பினா அட்வான்ஸ், அதே திசையில திருப்பினா ரிடார்ட், இதை மனசுல வச்சுக்கங்க. அப்பவும் வரலன்னா ஃபயரிங் ஆர்டரை, அதாவது சிலிண்டர்ல பொறி அடிக்குற வரிசையை, பாருங்க, நாலு சிலிண்டர் இன்லைன்ல நிறைய இஞ்சின் 1-3-4-2, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1-4-3-2, இன்லைன் ஆறு பெரும்பாலும் 1-5-3-6-2-4.

இஞ்சின் நல்லா சூடாகட்டும். வேக்கம் ஹோஸை கழட்டி முனையை அடைச்சுட்டு, ஐடிலிங்கை மேனுவல் சொல்ற ஆர்பிஎம்முக்கு இறக்குங்க, ஐடிலிங் அதிகமா இருந்தா வெயிட் ஏற்கனவே வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கும், கணக்கு தப்பும். புல்லி மார்க்கை முன்னாடியே துடைச்சு வெள்ளை பெயின்ட்ல ஒரு கோடு இழுத்து வைங்க. டைமிங் லைட்டோட க்ளாம்ப் ஒண்ணாம் ப்ளக் ஒயர்ல, ஃபேன்லயும் பெல்ட்லயும் ஒயரோ சட்டை கையோ மாட்டாம பார்த்துக்கிட்டு மார்க் மேல அடிங்க. கோடு ஒரே இடத்துல நிக்கணும், குதிச்சா மேல சொன்ன ஷாஃப்ட் ஆட்டத்துக்கு திரும்ப போங்க.

ஐடிலிங் டைமிங்கோட நிறுத்தாதீங்க, இது தான் பாதி பேர் விடுற இடம். 3000, 3500 ஆர்பிஎம்முக்கு ரெய்ஸ் பண்ணி மொத்த அட்வான்ஸ் எவ்ளோ வருதுன்னு பாருங்க, இன்னும் ஏறிட்டே இருந்தா எங்க நிக்குதோ அந்த அளவை எடுங்க. நிறைய பழைய இஞ்சினுக்கு 30ல இருந்து 36 டிகிரிக்குள்ள வரும், உங்க இஞ்சினுக்கு மேனுவல் சொல்ற கர்வ் தான் வேதம். ஐடிலிங்ல சரியா வச்சும் மொத்தம் 40ஐ தாண்டுச்சுன்னா ஸ்ப்ரிங் தொங்கி போச்சு இல்ல வெயிட் ஸ்டாப் தேஞ்சிருக்கு, அப்படியே ஏத்தத்துல விரட்டினா நாக்கிங் அடிச்சு பிஸ்டன் ஓட்டையாகும். மேனுவல் எழுதின காலத்து பெட்ரோலும் இப்ப பம்ப்ல வர்றதும் வேற, அதனால டாப் கியர்ல ஏத்தத்துல ஆக்ஸிலேட்டரை மிதிச்சு பாருங்க, கணகணன்னு சத்தம் வந்தா சத்தம் போற வரைக்கும் ரெண்டு ரெண்டு டிகிரியா ரிடார்ட் பண்ணுங்க. க்ளாம்ப் போல்ட்டை டைட் பண்ணின அப்புறம் இன்னொரு தடவை லைட் அடிச்சு பாருங்க, டைட் பண்ணும்போது நகர்ந்திருக்கும். வேக்கம் ஹோஸை திரும்ப மாட்ட மறக்காதீங்க. அட்வான்ஸ் மாறினா ஐடிலிங்கும் மாறும், கார்புரேட்டர்ல கடைசியா கை வைங்க, முதல்ல இல்ல.

அப்புறம் வர்ற தலைவலி

டேக்கோமீட்டர், அதாவது ஆர்பிஎம் காட்டுற மீட்டர், செத்துப்போச்சுன்னா அது எந்த வகைன்னு பாருங்க. ஸ்மித்ஸ் கம்பெனியோட பழைய ஆர்விஐ மாடல் மீட்டர் காயிலுக்கு போற கரண்ட்டை எண்ணுது, இக்னிஷன் ஒயரே அதுக்குள்ள ஒரு சுத்து சுத்தி தான் வரும். ரிலே போட்டு அந்த ஒயரை ஒதுக்கினாலோ சிடிஐ மாட்டினாலோ முள்ளு அசையாது. ரிலேன்னா புது ஒயரை அந்த சுத்து வழியா விடணும், சிடிஐன்னா அடாப்டர் வேணும். காயில் மைனஸ்ல இருந்து சிக்னல் எடுக்குற மீட்டர் சாதாரண மாட்யூலோட பெரும்பாலும் சண்டை போடாது.

சாவியை ஆன்ல வச்சுட்டு இஞ்சின் ஓடாம பாட்டு கேக்குற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, சாதாரண மாட்யூல்ல கரண்ட் தொடர்ந்து ஓடி காயிலும் மாட்யூலும் வேகும். வெல்டிங் வேலைக்கு விடும்போது பேட்டரியை கழட்டிட்டு கொடுங்க.

சூடானா நிக்குது, ஆறினா ஓடுதுன்னா மாட்யூலை சந்தேகப்படுறதுக்கு முன்னாடி நின்ன அந்த நிமிஷமே சிவப்பு ஒயர்ல வோல்ட் பாருங்க, அடுத்து பேஸ் ப்ளேட் எர்த், அடுத்து காயிலோட சூடு, அடுத்து ரோட்டார். இதெல்லாம் சரியா இருந்தா மாட்யூல் தான்.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் எல்லா கனெக்ஷனையும் ஒரு தடவை இழுத்து பாருங்க, டைமிங்கை ஒரு தடவை செக் பண்ணுங்க. அதுக்கப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர்ல வருஷத்துக்கு ரெண்டு சொட்டு ஆயில் தான் வேலை.

கழட்டி வச்ச பாயின்ட்ஸ், கண்டென்சர், ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரு டப்பால போட்டு டிக்கியில வைங்க, கூட ஒரு ரோட்டாரும் 12 வோல்ட் பல்பு ஒண்ணும். முடிஞ்சா இன்னொரு பேஸ் ப்ளேட் வாங்கி அதுல பாயின்ட்ஸை மாட்டியே வச்சுக்கங்க. மாட்யூல் நடுரோட்ல காலை வாரினா அதை கழட்டிட்டு பாயின்ட்ஸை மாட்டி அதோட இடைவெளியை வைங்க, இஞ்சினை புல்லி மார்க்ல டைமிங் டிகிரிக்கு நிறுத்துங்க, சாவியை ஆன் பண்ணி பல்போட ஒரு ஒயரை காயிலோட டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையிலயும் இன்னொண்ணை எர்த்லயும் வைங்க. பல்பு அணைஞ்சிருக்குற இடத்துல இருந்து டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டார் சுத்துற திசைக்கு எதிரா மெதுவா திருப்பிட்டே வாங்க, பல்பு பளிச்னு எரியுற இடத்துல பாயின்ட்ஸ் திறக்குது, அங்கயே டைட் பண்ணிட்டு வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துடலாம்.